பதினேழாவது வரி

ஹட்டனில் மழை இரண்டு விதம்.
ஒன்று கூரையில் பெய்வது.
மற்றது இணைப்பில்.
இரண்டாவது பெய்தால் என் கைபேசி அடிக்கும்.

பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடி,
இரவு பத்தரைக்கும் மாலுபாண் வாசம்.
நான் ஒரு கண்ணாடி செய்துகொண்டிருக்கிறேன்.
யார் வேண்டுமானாலும் உலாவியைத் திறந்து
எங்கள் ஏழு ரவுட்டர்களிடம்
மூன்று கேள்வி கேட்கலாம்:
இருக்கிறாயா.
எந்த வழியாகப் போகிறாய்.
உனக்கு அந்த வழியைச் சொன்னது யார்.
நாலாவதுக்கு இடமில்லை.

முதலில் ஒரு பயனரை உண்டாக்கினேன்.
பெயர், பார்வை.
பார்க்கலாம், தொட முடியாது.
பெட்டியில் விழும் எழுத்துகளைச் சலித்து
எண், புள்ளி, முக்காற்புள்ளி இவற்றை உள்ளே விட்டேன்.
அரைப்புள்ளியோடு வருபவனை வாசலில் நிறுத்தினேன்,
அதன் முதுகுக்குப் பின்னால்தான் கத்தி இருக்கும்.

கடவுச்சொல் கோப்பை
மறதியில் வெளியாள் எட்டும் இடத்தில் வைத்திருந்தேன்.
பத்து நிமிடம்.
யாரும் எடுக்கவில்லை என்கிறது பதிவேடு.
இன்னும் இரண்டு தரம் பதிவேட்டைப் பார்த்தேன்.

பிறகு பட்டியல்.
ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை,
நோர்வூட், பொகவந்தலாவை.
மஸ்கெலியா பழசு, வாய் திறக்க எட்டு விநாடி,
அதற்காகக் காத்திருப்பைப் பத்தாக்கினேன்.
கடைசியாக, பதினேழாவது வரியில், அப்கட்.
ஒவ்வொன்றுக்கும் நாலு எண்ணில் ஒரு முகவரி.

எனக்கு இல்லை.
அடையாள அட்டையில் தோட்டமும் டிவிஷனும் உண்டு,
காம்பரா இலக்கம் கிடையாது.
வங்கிக் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து
யார் யார் கையிலோ கசங்கி
மாதம் பிந்தி என்னிடம் சேரும்.
நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்ன ஒரு கடிதமும்
சரி, இது வேலை நேரம்.

நிஹால் சேர் குடையை விரித்தபடி சொல்லிப் போனார்:
அப்கட்டை மட்டும் காட்ட வேண்டாம்,
அந்த லிங்க் தெரியும்தானே,
ஆட்கள் பார்த்தால் போன் அடிப்பார்கள்.

இப்போதும் அடிக்கிறார்கள், சேர்.
பள்ளிக்கூடத்திலிருந்து தவமணிதேவி டீச்சர்
வாரத்துக்கு மூன்று தடவை.
பதில் எங்களிடம் தாளில் எழுதியே இருக்கிறது:
உங்கள் மோடத்தை அணைத்துப் போடுங்கள்.
டீச்சர் அணைத்துப் போடுவார்.
மறுபடி அணைத்துப் போடுவார்.
நூறு தரமாவது அதை வாசித்திருக்கிறேன்,
நல்ல தமிழில், கனிந்த குரலில்.

வரியின் தலையில் ஒரு # போட்டேன்.
எழுத்துகள் அங்கேயே நிற்கும், நிரல் காணாது.
பெரட்டில் பேர் விழாத ஆள்
மலையில் நின்றாலும் நிற்காத ஆள்தான்.
சோதித்தேன். ஆறு பதில்.

ஒரு மணிக்கு, சும்மா,
மஸ்கெலியாவிலிருந்து அப்கட்டுக்கு வழி கேட்டேன்.
பஸ் பிடித்தால் போய்விடலாம்.
பொதியோ கொழும்புக்கு இறங்கி
யார் யாரையோ தாண்டி
மறுபடி மலையேறி
பதினோராம் படியில்
* * *
பதில் இல்லை என்பதற்கு
நட்சத்திரம் போட யாருக்குத் தோன்றியதோ.

வெளியே கடைசி லொறி
கியர் மாற்றி மாற்றி ஏறியது.
ஒரு விசை அழுத்தினேன்.
# போனது.
சேமித்தேன். ஏழு.
சுட்டியை டீச்சருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன்,
விளக்கம் எதுவும் எழுதவில்லை.

காலை ஏழு பத்து. முதல் கேள்வி,
யாரோ ஒருவரின் கைபேசியிலிருந்து.
கேட்கப்பட்டது, அப்கட்.
இருக்கிறாயா?
ஐந்து பொதியில் மூன்று தொலைந்தன.

ஏழு பதினாறுக்குப் போன் அடித்தது.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
ஆமா டீச்சர். நானும் பார்த்தேன்.
எங்க பக்கம்தான்.
மோடத்தை அணைக்க வேண்டாம்.